மடிக்கணினிக்கு வைத்த பொட்டு

என் பழைய மடிக்கணினியின் திரைக்கு மேலே, கறுப்புச் சட்டத்தில், ஒரு மங்கிய மஞ்சள் கறை இருக்கிறது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். நான் துடைப்பதில்லை. ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கணினி அது. கல்லூரி, கல்யாணம், பிரசவம் என்று என்னோடேயே வந்துவிட்டது. இப்போது வேலைக்கென்று புதியது ஒன்று இருக்கிறது. ஆனாலும் மனம் ஒரு நிலையில் இல்லாத நாட்களில் பழையதைத் திறந்து அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்தால் என் ஓரகத்தியின் ஞாபகம் வரும்.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் குடும்பம் அவருடையது. பிறந்த வீட்டில் பேச்செல்லாம் தெலுங்கு. திருத்தணியில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு எனக்கு ஆறு வருடம் முன்பே மருமகளாக வந்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார். கணினியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை, பூஜை நாளைத் தவிர.

என் மகளுக்கு ஒரு வயது முடிந்திருந்த சமயம். ஆயுத பூஜை கழிந்த மறுவாரம். வீட்டிலிருந்தபடியே பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். கைப்பேசியில் வரக்கூடாது, கணினியில் முகம் தெரியும்படி உட்கார்ந்து, அவர்கள் அனுப்பும் பக்கத்தைத் திருத்திக் காட்ட வேண்டும் என்றார்கள். அது கிடைக்காவிட்டால் சென்னையில் கிடைத்திருந்த வேலைக்கு அடுத்த மாதம் போயாக வேண்டும். விடிவதற்குள் ரயில் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். குழந்தை இன்னும் தாய்ப்பாலை மறக்கவில்லை. போகாமல் இருந்தால் படித்ததெல்லாம் வீணா என்று ஒரு மனம் கேட்கும். போனால் நீ என்ன அம்மா என்று இன்னொரு மனம் கேட்கும்.

கணினியோ கிழடாகிவிட்டிருந்தது. திறக்கவே கால் மணி நேரம் ஆகும். கல்லூரித் தோழி ஒருத்தி, “விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போடு, பழைய கணினிக்கு அதுதான் லாயக்கு” என்று சொல்லி, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை பென் டிரைவைச் செருகி உட்கார்ந்தேன். ‘இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா?’ என்று அது கேட்ட இடத்தில் என் கை நின்றுவிட்டது. குழந்தையின் படங்களை ஏற்கெனவே இரண்டு இடத்தில் சேமித்திருந்தேன். எழுந்து போய் மூன்றாவதாக ஒரு பிரதி எடுத்து வந்தேன். அதற்குப் பிறகும் தைரியம் வரவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்த அக்காதான், “இன்னா மா, அது கேட்டுகினே நிக்குது. ஆங்னு சொல்லு” என்றார். சொன்னேன்.

லினக்ஸ் வந்தது. கணினி சுறுசுறுப்பாகத் திறந்ததும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அது அன்று சாயந்திரம் வரைதான். வீடியோ அழைப்புக்கான மென்பொருளை வழக்கம்போல் இணையத்திலிருந்து இறக்கி, இரண்டு முறை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. விண்டோஸுக்கான கோப்பு லினக்ஸில் ஓடாது என்று தோழி சொன்ன பிறகுதான் தெரிந்தது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்து நிறுவ வேண்டும் என்றாள். தட்டினேன். கடவுச்சொல் கேட்டது. அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை.

“அக்கா, பாஸ்வேர்டு அடிச்சா ஒண்ணுமே தெரியல. கீபோர்டு போயிடுச்சு போல.”

அக்கா அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அத்த கோவமா கீறப்போ நாம பேசினா பதில் வருதா? ஆனா எல்லாத்தையும் கேட்டுகினுதானே கீறாங்க. இதுவும் அதுமாரிதான். நீ பாட்டுக்கு அடி.”

“எனக்குக் காது நல்லாதான் கேக்குது!” என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

அடித்தேன். அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இந்த மென்பொருளுக்கு முதலில் வேறு மூன்று வேண்டும் என்று பட்டியல் போட்டது. நான் கலங்கினேன். “பின்ன? பாவு நூல் ஏத்தாம தறி ஓடுமா? கேக்கறத குடு” என்றார் அக்கா. கொடுத்தேன். மென்பொருள் திறந்தது. கேமராவைச் சோதித்தேன். இருட்டு. ஒரு மூலையில் மட்டும் செம்மண் நிறத்தில் லேசான வெளிச்சம்.

புதனும் வியாழனும் அந்த இருட்டோடு போராடினேன். தோழி சொன்ன கட்டளைகளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். கடைசியில் லினக்ஸையே இன்னொரு முறை போட்டேன். இரண்டு நாளும் மகள் அக்காவிடமே இருந்தாள். அவரே ஊட்டினார், அவரே தூங்க வைத்தார். பால் கேட்டு அழும்போது மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். என் கணவர் வந்து எட்டிப் பார்த்து, “ஓசில வந்த லினக்ஸ் அப்டிதான் இருக்கும்” என்றார்.

அக்கா விடவில்லை. “வூட்டுக்கு புச்சா வந்தவங்க மேலதான் எல்லாப் பழியும். இவ வந்த புதுசுல பால் திரிஞ்சதுக்குக்கூட இவளத்தானே சொன்னீங்கோ?” அன்று அந்தப் பழியை, ‘பாத்திரம் கழுவியது நான்தான்’ என்று சொல்லித் தன்மேல் ஏற்றுக்கொண்டவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. நல்ல புடவை கட்டி, கடைசியாக ஒருமுறை கேமராவைத் திறந்தேன். அதே இருட்டு. அந்தக் கறுப்புச் சதுரத்தில் என் முகம் மங்கலாகப் பிரதிபலித்தது. நெற்றிப் பொட்டு கோணலாக இருந்தது போலிருந்தது. சரிசெய்ய இன்னும் கிட்டே குனிந்தேன். அப்போதுதான் என் பொட்டுக்கு நேர் மேலே, திரைச் சட்டத்தின் நடுவில், இன்னொரு பொட்டைப் பார்த்தேன். காய்ந்து கெட்டியான சந்தனம், அதன்மேல் குங்குமம். கேமராவின் கண்மேல் அப்பியிருந்தது.

ஆயுத பூஜையன்று மிக்ஸி, பீரோ, தையல் மிஷின், ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் அக்கா பொட்டு வைத்தார். என் கணினியைத் திறந்து, அதற்கு நெற்றி எதுவோ அங்கே வைத்திருக்கிறார். நான்கு நாளாக அது என் கண்ணெதிரேதான் இருந்தது. பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் பொட்டு யார் கண்ணில் படும்?

முந்தானையால் அவசரமாகத் துடைத்தேன். திரையில் என் முகம் பளிச்சென்று வந்தது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அதே நேரம் அக்கா குழந்தையோடு உள்ளே நுழைந்தார்.

“வந்துடுச்சா!”

“வந்துடுச்சுக்கா. ஒரு கமாண்டு விட்டுப்போயிருந்தது.”

என் வாயில் ஏன் அப்படி வந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். சொல்லியிருந்தால் இருவரும் சிரித்துவிட்டுப் போயிருப்போமோ? ஆனால் இந்த வீட்டில் ஒரு பேச்சு கிளம்பினால் வருஷக்கணக்கில் ஓடும். இரண்டு நாள் என் குழந்தையைச் சுமந்தவருக்கு அந்தப் பழியை எப்படிக் கொடுப்பது? அக்கா கணினியைப் பார்த்தார். பிறகு என் முந்தானையைப் பார்த்தார்.

“இன்னா மா, மஞ்சளா?”

“சாம்பார்க்கா.”

“ஆங்” என்றார். “வேற புடவ கட்டிகினு வா. நேரமாவுது.”

வேலை கிடைத்தது. சென்னை ரயிலில் நான் ஏறவில்லை. கேமரா கதையில் பழி முழுவதும் லினக்ஸ் மேலேயே நின்றது. என் கணவர் இன்றும் அதைச் சொல்லிக் கேலி செய்வார். லினக்ஸிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்வு உண்டு.

போன வருடம் அக்காவின் அப்பாவுக்கு முடியாமல் போகவே, தறிகளைப் பார்த்துக்கொள்ள அவரும் என் கணவரின் அண்ணனும் பொதட்டூர்பேட்டைக்கே குடிபோய்விட்டார்கள். வீடு பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. இந்த ஆயுத பூஜைக்கு, “எங்க நைனா வூட்டுத் தறிக்கெல்லாம் வெச்சிட்டு வரேன்” என்று சொல்லி, மதியத்துக்கு மேல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தவர், என் பழைய கணினியைத் திறந்தார். விரலில் எடுத்த சந்தனத்தைச் சட்டத்தின் கீழே, ஓரமாக வைத்தார்.

“ஏங்க்கா, எல்லாத்துக்கும் நடுவுலதானே வெப்பீங்க?”

“நடுவுல வெச்சா அதுக்குக் கண்ணு தெரியாதே” என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே. குங்குமத்தையும் தொட்டு வைத்துவிட்டு, “அந்தப் புடவையில சாம்பார் கறை போச்சா?” என்று கேட்டார்.

அவர் சிரித்தபடி கணினியை மூடி, தையல் மிஷின் பக்கம் போய்விட்டார். மேலே இருந்த பழைய கறையை அவரும் துடைக்கவில்லை.