எதிரொலிக்குக் காத்திருப்பவர்

“பயமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பழக்கம் இல்ல, அவ்வளவுதான்.”

நேற்றுச் சாயங்காலம் மன்னார்புரம் டீக்கடையில் இப்படிச் சொன்ன அடைக்கலத்திடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த பிலோமின்ராஜ் மட்டும், “யாருக்குண்ணே பயம்?” என்றார். அடைக்கலம் காலி தம்ளரை மைக்கைப் போல வாய்க்கு முன்னால் பிடித்து, அதற்குள் மெதுவாக “தேவதர்ஷினி” என்றார். மெதுவாகத்தான் சொன்னதாக அவருக்கு நினைப்பு. எதிர்ச்சாரியில் ஆட்டோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

மைக் செட் அடைக்கலம் என்றால் ஸ்ரீரங்கத்தில் தெரியும். திருவிழாக் கூட்டத்தில் குழந்தை கைவிட்டுப் போனால், வீதியெல்லாம் கேட்பது அவர் குரல்தான். ‘நீலச் சட்டை அணிந்த, சித்தார்த்தன் என்ற சிறுவன், தன் தாயாரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.’ காணவில்லை என்று சொல்லவே மாட்டார். கேட்கிற தாய் பதறிப்போவாராம். துண்டு துண்டாகச் சொல்லி நிறுத்துவார். வீதிக் கோடி ஸ்பீக்கரிலிருந்து தன் குரல் தனக்கே திரும்பி வந்த பிறகுதான் அடுத்த சொல். இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் விளங்காது.

வீட்டிலும் அப்படியே நிறுத்துவார். அங்கேதான் குழப்பம். “ரெங்கம்மா, நாளைக்கு…” என்று அவர் எதிரொலிக்குக் காத்திருக்கும் இடைவெளியில், மனைவி ரெங்கம்மாள் கேஸ் தீர்ந்தது, தண்ணீர் வராதது, மாடி வீட்டு நாய் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார். நாளைக்கு என்ன என்பது கடைசிவரை வெளியே வராது. அத்தனை கூட்டம் வாய்மூடிக் கேட்கும்போது, ஒருத்தி மட்டும் ஏன் கேட்கமாட்டேன் என்கிறாள் என்பது அவருக்குப் பிடிபட்டதே இல்லை. “அவங்க யாரும் உங்க மூஞ்சியப் பாக்கலைங்க. நான் எதிர்க்க நின்னு பாத்துக்கிட்டுல்ல இருக்கேன்” என்பார் ரெங்கம்மாள். அது அவரை இன்னும் குழப்பும்.

இப்போது பேத்தி பிறந்திருக்கிறாள்; தேவதர்ஷினி என்று பெயரும் முடிவாகிவிட்டது. பெயர் வைக்கிற அன்று காதில் முதலில் பெயர் சொல்வது தாத்தா என்பது அவர்கள் வீட்டு வழக்கம். போன வாரம் தொட்டில் பக்கம் போய் “என்ன கண்ணு” என்றுதான் கேட்டார். பிள்ளை கையிரண்டும் விரித்து, அதிர்ந்து, வீறிட்டது. மகள் யமுனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “மெதுவா வருமுன்னா நீங்க சொல்லுங்கப்பா. இல்லாட்டி எங்க மாமியார் சொல்லட்டும்.”

அதிலிருந்து தலையணையிடம் பேசிப் பார்த்தார், சுவரிடம் பேசிப் பார்த்தார். சொல் வந்தால் சத்தம் குறையவில்லை. சத்தத்தைக் குறைத்தால் சொல் வரவில்லை.

இன்று காலை சொந்தபந்தம் சுற்றி நிற்க, யமுனா மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியம்மாள் தயாராகப் பக்கத்திலேயே இருந்தார். அடைக்கலம் குனிந்தார். பழக்க தோஷத்தில், “வெள்ளைத் துணி சுற்றிய…” என்று வாய் ஆரம்பித்துவிட்டது. கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் குரல் எங்கோ போய்விட்டது. அடுத்து வந்தது வெறும் காற்றுதான். அந்தக் காற்றிலேயே “தேவதர்ஷினி” என்றார்.

பிள்ளை அழவில்லை. அவர் வழக்கம்போல நிறுத்திக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் ரெங்கம்மாள்கூட வாய் திறக்கவில்லை. பிள்ளை உதட்டைக் குவித்து, ‘ங்’ என்றது.

இரண்டாம் தடவை பெயர் சொல்ல மறந்து, அடைக்கலம் முகத்தைத் திருப்பி, தன் காதை அதன் வாயருகே கொண்டுபோய் வைத்தார்.

“ம்… சொல்லுங்கம்மா.”