தொட்டுக் கும்பிட்ட பந்து

குறுவை அறுவடை முடிந்து, ஈர நெல் களத்தில் காய்ந்துகொண்டிருந்த புரட்டாசிக் கடைசியில் நான் விடுப்பில் ஊர் வந்தேன். எதையும் நாள் வைத்துச் சொல்வது என் பழக்கம். ஆற்றில் எந்த வருஷம் எப்போது தண்ணீர் வந்தது, எப்போது நாற்று விட்டார்கள் என்றெல்லாம் வளைகுடாவில் இருந்தபடியே கேட்டு எழுதிவைப்பவன். தலைமாட்டில் அடுக்கியிருக்கும் புத்தகங்களையும் அந்த டைரியையும் பார்த்து அறையில் இருப்பவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘பஞ்சாங்கம்’.

பஞ்சாங்கத்துக்குத் தன் மகளோடு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. போன விடுப்பில் அவள் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். இப்போது நான்கு வயது. திருச்சி விமான நிலையத்தில் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “இவங்க போன்ல இருக்கற அப்பாவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும், பார்த்தாயிற்று என்பதுபோல் மறுபடி புடவைக்குள் போய்விட்டாள்.

ஒரு மதியம் மூவரும் பாயில் படுத்திருந்தோம். அவள் அம்மாவின் வயிற்றில் கால் போட்டு, உதைத்து, புரண்டு, மறுபடி உதைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். புரண்டபோது ஒருமுறை அவள் கால் என் கையில் பட்டது. சட்டென்று எழுந்தாள். என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தள்ளிப் படுத்தாள். கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொடுப்பதுதான். மாடு பார்க்க வரும் டாக்டருக்கும் மகளிர் குழுக்காரம்மாவுக்கும் அவள் அப்படித்தான் செய்தாள். அம்மாவுக்கு மட்டும் செய்வதில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடுப்பு முடிவதற்குள் அவள் என்னிடம் வந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அவளோடு விளையாடவென்றே பெட்டியில் ஒரு கால்பந்து கொண்டுவந்திருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு விதிகள் வேண்டாம், வரிசை வேண்டாம், விளையாட்டாகவே பந்தைப் பழக்க வேண்டும் என்று நிறையப் படித்திருந்தேன். பந்தை வெளியே எடுத்த நேரம் ஆயுத பூஜை. மனைவி அதை வாங்கி அரிவாள், டிராக்டர் சாவி, மகளின் சிலேட்டு ஆகியவற்றுக்கு நடுவில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டிவிட்டாள். மறுநாள் பூஜை பிரித்த பிறகுதான் கைக்கு வந்தது.

சாயங்காலம் களத்துக்குப் போனோம். சாலையோரத்துச் சிமெண்டுக் களம். பாதியில் நெல் காய்ந்தது, மீதி எங்களுக்கு. எதிர்வீட்டு இரட்டைப் பெண்களும், தெருமுனை மளிகைக்கடை பாயின் மகனும் வந்தார்கள். எல்லோரும் பால்வாடி வயது.

“யார் முதல்ல உதைக்கிறது?” என்றேன்.

இரட்டையரில் ஒருத்தி ஓடி வந்து உதைத்தாள். பந்து உருண்டது. பின்னாலேயே ஓடினாள். நின்றதும் குனிந்து, பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்து அவள் தங்கை. உதை, ஓட்டம், கும்பிடு. என் மகளும் அப்படியே. கடைசியாக வந்த பாய் மகனும் அச்சுப் பிசகாமல் செய்தான். அவனைத் தேடி வந்த அவன் அம்மா சாலையிலேயே நின்று சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

“டேய், நீ எதுக்குடா ஒத்திக்கிற?”

“எல்லாரும் ஒத்திக்கிறாங்கம்மா.”

“அண்ணே, பந்துக்குப் பொட்டு வச்சுக் கொண்டாந்தா புள்ளைங்க எப்படிண்ணே உதைக்கும்? நானே பயப்படுவேன்.”

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி அசரவில்லை. “புதுச் சாமானைப் பூஜையில வைக்காம? உங்க பைக்குக்குந்தான் பொட்டு வச்சேன். தினம் உதைச்சுத்தானே ஸ்டார்ட் பண்றீங்க, என்னைக்காவது கும்பிட்டீங்களா?”

மறுநாள் பிள்ளைகளையே விட்டு அடிபம்பில் பந்தைக் கழுவ வைத்தேன். பொட்டு போனது, கும்பிடு போகவில்லை. ‘சாமி குளிச்சிருச்சு’ என்று சொல்லிக்கொண்டே இன்னும் பக்தியாகத் தொட்டார்கள். படித்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு வலங்கைமான் போய், கடை வாசலில் வலையில் தொங்கும் ரப்பர் பந்துகளை ஆளுக்கு ஒன்றாக வாங்கி வந்தேன். அவற்றைப் பூஜையறைப் பக்கம் கொண்டுபோகவே இல்லை.

களத்தின் ஓரத்தில் என் செருப்புகளை இடைவெளி விட்டு வைத்தேன். “இதுதான் மடை. பந்துதான் தண்ணி. காலாலேயே ஓட்டிக்கிட்டு வந்து மடையில விடணும். அடைச்சாச்சுன்னு சொன்னா, பந்து மேல கால வச்சு நிறுத்தணும்.” வாய்க்கால் மடை திறப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. “தொறந்தாச்சு!” என்றால் கத்திக்கொண்டு ஓடினார்கள். “அடைச்சாச்சு!” என்றால் பாதிப் பேர் விழுந்தார்கள். யார் பந்து யாரிடம் போனது என்று யாரும் பார்க்கவில்லை. தண்ணீருக்கு யார் கும்பிடு போடப் போகிறார்கள்? அது சில நாட்களில் தானாக மறந்துபோனது.

என் மகளும் ஓடினாள், சிரித்தாள். ஆனால் நான் நிற்கும் பக்கம் மட்டும் பந்தைத் திருப்பவே இல்லை. தப்பித்தவறி என் கால்மீது அவள் கால் பட்டால் ஆட்டத்தை நிறுத்திக் குனிந்தாள், தொட்டாள், ஒற்றிக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்தது. கிழக்கே மேகம் கட்டத் தொடங்கியது. நெல்லை ஈரம் போகக் காயவைக்க ஊரே அவசரப்பட்டது. களத்தில் எங்கள் பாதி கால்வாசியானது. வீட்டில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும் வேலை மகளுடையது. காகிதம் கிழியும் சத்தத்துக்காக ஒன்றுக்கு இரண்டாகக் கிழிப்பாள். அவளுக்கு நடந்தது எல்லாம் ‘நேத்து’, நடக்கப்போவது எல்லாம் ‘நாளைக்கு’. ஒருநாள், இன்னும் நாள் இருக்கும்போதே, நான் வளைகுடா திரும்பும் தேதியும் அவள் கையோடு வந்துவிட்டது. அதைப் பொறுக்கி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று களத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“அப்பாகிட்ட உதைம்மா. இந்தா, இங்க. விரலால இல்ல, பாதத்தோட பக்கத்தால. எங்க, இன்னொரு தடவை. அப்பாவைப் பார்த்து உதை.”

அவள் பந்தின்மீது உட்கார்ந்துகொண்டாள். உதடு பிதுங்கியது. மற்ற பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள்.

அவளைத் தூக்கிப்போக வந்த மனைவி, நடந்துகொண்டே சொன்னாள்: “விடுங்க. லீவு முடியறது உங்களுக்கு. அவளுக்கு என்ன அவசரம்?”

மறுநாள் நான் எதுவும் சொல்லித்தரவில்லை. களத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தாலும் உள்ளுக்குள் ஏதோ எழுந்து எழுந்து நடந்தது. பெட்டி பாதி அடுக்கியாயிற்று. பாய் மகன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, நீங்க ஆகாயத்தாமரை.”

“என்னது?”

“மடையில அடைச்சுக்கிட்டு நில்லுங்க. நாங்க எடுத்துப் போடுவோம்.”

அந்த வாரம்தான் எங்கள் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்து, ஆட்கள் இறங்கி இழுத்துப் போட்டிருந்தார்கள். நான் எழுந்துபோய்ச் செருப்புகளுக்கு நடுவில் நின்றேன். நான்கு பேரும் பந்துகளோடு வந்தார்கள். பந்து என் முழங்காலில் பட்டுத் திரும்பியது. இரட்டையர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். பாய் மகன் பின்னாலிருந்து தள்ளினான். “வேரு ஆழமா இருக்குடி, இழு!” என்று ஒருத்தி கத்தினாள். நான் வேரோடு நின்றேன்.

என் மகள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு பந்தை ஓட்டிக்கொண்டு நேராக வந்தாள். பந்தைக் குறிவைத்துத்தான் உதைத்தாள். கால் தவறி, என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் நங்கென்று விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைப் பார்த்தேன். இதோ குனியப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“தள்ளுப்பா! தண்ணி போவணும்!”

இரண்டு கைகளாலும் என் தொடையைத் தள்ளினாள். நான் நகரவில்லை. மறுபடி அதே இடத்தில் உதைத்தாள். இம்முறை தவறி விழுந்த கால் இல்லை. “தள்ளு, தள்ளு!”

தள்ளி நின்றேன். பந்து செருப்புகளைத் தாண்டி உருண்டது. அவள் அதன் பின்னால் ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதே தூறல் விழுந்தது. நெல்லை மூட நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். நானும் நொண்டிக்கொண்டே போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன். “என்னப்பா, களத்துல வழுக்கிட்டியா?” என்று மறுமுனையில் இருந்தவர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சட்டைப்பையில் அந்தத் தேதித்தாள் நனைந்துகொண்டிருந்தது. அதை எடுக்கக் கை ஒழியவில்லை. பின்னால் அவள் குரல் கேட்டது: “அப்பா! இங்க வா! மடை தொறந்தாச்சு!”