ஒரு கையை அளந்தால் போதும்

ஊரில் பாதிப் பேரின் தோளகலம் அவளுக்கு மனப்பாடம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் காவலாளிகளுக்கும் நர்ஸுகளுக்கும் யூனிஃபார்ம் தைக்கும் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வெட்டுமேசையில் நிற்பவள். கழுத்தில் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. அதனால் சொந்தப் பெயர் போய் ‘அளவக்கா’ என்பதே நிலைத்துவிட்டது. அரை அங்குலம் பிசகினால் தாம்தூம் என்று குதிப்பாள்.

தையல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கையைத்தான் அளப்பார்கள். துணியை மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இரண்டு கையையும் எடுத்துவிடலாம், யாருக்கு நேரம் இருக்கிறது? அளவக்கா தனக்குத் தைத்துக்கொள்ளும்போதும் அதே கதைதான். வலது கையில் டேப்பைப் பிடித்தால் இடது கையைத்தானே அளக்க முடியும்? ஆக, இரண்டு வருஷமாக அவளுடைய வலது கை தடித்துக்கொண்டே போனது, அளவு நோட்டிலோ நூலளவும் ஏறவில்லை.

சட்டையின் வலது கை இறுக்கிப் பிடித்தபோது துணி சுருங்கிவிட்டது என்றாள். மில்காரனுக்குச் சரமாரியாகத் திட்டு விழுந்தது. தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டாள். ஆறு மாதம் கழித்து இன்னும் அரை. மோதிரம் கழலாதபோது சோப்பைக் குறை சொன்னாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் வலது மார்பில் கட்டி வந்து, அது புற்றுநோய் என்றாகி, மார்போடு அக்குளிலும் கத்தி வைத்தார்கள். அப்புறம் கதிர்வீச்சு. வீட்டுக்குத் திரும்பிய அன்று, பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருக்கும் அவள் கணவர் ஒரே போடாகப் போட்டார்: “முடிஞ்சது முடிஞ்சுபோச்சு. இனிமே இந்த வீட்ல அந்தப் பேச்சே கூடாது.” டைம்கீப்பர் சொன்னால் சொன்னதுதான். ஏழு வருஷம் மூச்சு விடவில்லை யாரும்.

ஒருநாள் மேசையில் கத்தரிக்கோல் நழுவியது. விரல் மடங்கவில்லை. அவ்வளவுதான், கடை முழுக்க டாக்டர்கள்.

“உப்பக் குறைம்மா,” என்றார் முதலாளி.

“ஒருக்களிச்சுப் படுத்தா இப்படித்தான் வீங்கும்,” என்றாள் பட்டன் தைப்பவள்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார். அந்த ஆபரேஷனின்போது ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த புண்ணியவதி. “இஸ்திரிப் பெட்டி கனம்தான் அண்ணி, வேற ஒண்ணுமில்ல,” என்று அடித்துச் சொன்னாள். ஊரே ஆளுக்கொரு காரணம் சொன்னது. ஆபரேஷன் நடந்தது தெரிந்த மூன்று பேர், அவளும் கணவரும் நாத்தனாரும், மட்டும் அதைச் சொல்லவில்லை.

தெருமுனை டாக்டர் கேட்டார்: “முன்னாடி ஆபரேஷன் ஏதாச்சும்?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்.”

கணவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். டாக்டர் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். பத்து நாள் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்ததில் கால் இளைத்தது, கை இளைக்கவில்லை.

அவள் ஏன் மறைத்தாள்? பயம்தான். மறுபடியும் வந்துவிட்டதோ என்கிற பயம். வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். கை போனால் வேலை போகும். அது இருக்கட்டும், உயிரே போய்விட்டால்?

கடைசியில் கத்தரிக்கோல்தான் முந்திக்கொண்டது. கட்டை விரலில் சின்னக் கீறல்; மறுநாளே கை முழுக்கச் செக்கச்செவேல் என்று கொதித்து, காய்ச்சல் தூக்கியடித்தது. பெரிய ஆஸ்பத்திரியிலும் கேட்டதற்கு அதே ‘ஒண்ணும் இல்ல’தான். சட்டையைக் கழற்றச் சொன்ன டாக்டரம்மா தழும்பைப் பார்த்தார்.

“ஏம்மா, இதையா ஒண்ணும் இல்லன்னீங்க?”

காய்ச்சல் இறங்கியதும் அந்த அம்மா டேப் எடுத்து இரண்டு கையையும் அளந்தார். “டேப் சாயுது டாக்டர், நேராப் பிடிங்க,” என்று திருத்தினாள் அளவக்கா, படுத்த படுக்கையிலும். நேராகப் பிடித்தபோது ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம். அவள் முகம் செத்துவிட்டது.

ஸ்கேன் முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் அவள் சாப்பிடவில்லை.

“புற்றுநோய் திரும்பி வரல,” என்றார் டாக்டரம்மா. “இது நிணநீர் வீக்கம். சிலருக்குப் பிறவியிலயே வரும், சில ஊர்ல கொசுவால வரும், கட்டி அடைச்சாலும் வரும். உங்களுக்கு, அக்குள்ல நிணநீர் முடிச்சுகள எடுத்தாங்க, கதிர்வீச்சும் குடுத்தாங்க. அதுல தண்ணி வடியற பாதை கெட்டுப்போச்சு. இந்தக் காய்ச்சல் இன்னும் கெடுத்திருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா சுலபமாப் பிடிச்சிருக்கலாம். இனி முழுசாப் போகாது. தினமும் கட்டுப் போட்டா குறையும், கத்தரிக்கோலும் பிடிக்கலாம்.”

கட்டுப் போடக் கணவருக்குப் பழக்கினார்கள். வீட்டில் முதல் நாள், துணிச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தலை குனிந்தார்.

“எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். நீ தூங்கறப்ப பார்ப்பேன். கேட்டா நீ பயந்துடுவேன்னு விட்டுட்டேன்.”

“நீங்களும் பயந்துடுவீங்கன்னுதான்யா நான் சொல்லல!” என்று கத்தினாள் அளவக்கா. “ஒருத்தருக்கொருத்தர் பாவம் பார்த்தே என் கையத் தின்னுட்டோமே!”

அவள் அழுதாள். அவரும் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சுற்றாக மேலே கட்டிக்கொண்டு போனார். முழங்கைக்குப் பக்கத்தில் இறுக்கிவிட்டார்.

“வலிக்குதா?”

அவள் ‘இல்லை’ என்று வாயெடுத்தாள். நிறுத்தினாள்.

“வலிக்குது,” என்றாள்.

அவர் கட்டு மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டு மறுபடியும் விரலிலிருந்து தொடங்கினார்.