முப்பது நிமிடம் முந்திய நட்சத்திரம்

பதுளையில் ஒரு பல்கலைக்கழகத்தின் வானியல் பிரிவில் எனக்கு வேலை. நியமனக் கடிதத்தில் ‘விஞ்ஞானக் கணிப்பு உதவி அலுவலர்’ என்று இருக்கிறது. வாசிக்கும்போது எனக்கே மரியாதை வரும். நடைமுறையில் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பது, பேராசிரியர் மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது, மொட்டைமாடித் தொலைநோக்கியோடு பூட்டியிருக்கும் பழைய கணினி உயிரோடு இருக்கிறதா என்று காலையில் ஏறிப் பார்ப்பது. வருடத்தில் பாதி நாள் நமுனுகுல மலைப் பக்கமிருந்து வரும் மேகம் எங்கள் வானத்தை மூடிவிடும். நட்சத்திரம் பார்க்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர் நல்ல வேடிக்கைக்காரராக இருந்திருக்க வேண்டும்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு என் வேலையை இரண்டு தடவை விளக்கினேன். அதன்பின் அவர் சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரிடமும், மகள் மழை வருமா என்று பார்த்துச் சொல்லும் ஆபிசில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். இப்போதும் எங்கள் லயத்து வீடுகளில் கல்யாணப் பந்தல் போடுவதற்கு முன் எனக்குத்தான் போன் வரும்.

போன வருடம் எங்கள் பேராசிரியர் ஒரு கண்டுபிடிப்புச் செய்தார். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களை அவர் கவனித்து வந்தார். ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறையும். எந்த நிமிடத்தில் குறையும் என்பதற்கு உலகம் முழுவதும் பயன்படுத்தும் அட்டவணை உண்டு. எங்கள் பதிவுகளில் மட்டும் அது ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் முந்தி நடந்தது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது நட்சத்திரம் ஒன்று அந்த இரண்டையும் இழுக்கிறது என்று அவர் முடிவு செய்தார். பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்றார். அதை அறிவிப்பதற்காகக் கருத்தரங்க மண்டபத்தைப் பதிவுசெய்துவிட்டு, மூன்றாவது நட்சத்திரத்தைச் சிவப்பில் வரைந்து படம் தயாரிக்கச் சொன்னார். வரைந்தேன். இல்லாத ஒன்றை வரைவது இருப்பதை வரைவதைவிடச் சுலபம் என்பது எனக்கு அன்று தெரியாது.

டவுனில் ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில் அறை எடுத்திருக்கிறேன். கடை முதலாளி, நான் நட்சத்திரம் பார்க்கும் இடத்தில் வேலை செய்வதால் எனக்கு ஜாதகம் தெரியும் என்று உறுதியாக நம்பினார். நான் கிறிஸ்தவள், எனக்கு அதெல்லாம் தெரியாது என்று பல தடவை சொன்னதை அவர் தன்னடக்கம் என்றே எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிறு காலை, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த மகளின் குறிப்போடு மேலே ஏறி வந்துவிட்டார்.

“பொறந்த நேரம் ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்ததுங்க மிஸ். அத அப்படியே எடுத்துக்காதீங்க. அதுல அர மணியக் கழிச்சுட்டுத்தான் பாக்கணும்.”

“எதுக்கு மொதலாளி கழிக்கணும்?”

“இவ பொறந்த காலத்துல கவர்மெண்டு கடிகாரத்த அர மணி முந்தி வச்சிருந்தாங்கல்ல? பொறவுதான பழையபடி மாத்துனாங்க. இத மறந்துட்டா கட்டமே மாறிப் போகும்.”

‘அரை மணி, அரை மணி’ என்று முணுமுணுத்தபடி நான் குறிப்பைத் திருப்பிக் கொடுத்தேன். ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று அவர் பயந்துவிட்டார். அப்படி ஒன்றுமில்லை, கோளாறு எங்கள் மொட்டைமாடியில் என்று சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

திங்கள் காலை முதல் வேலையாக மாடிக்குப் போனேன். கணினித் திரையில் மணி சரியாகவே இருந்தது. இணைய இணைப்பு இல்லாததால் யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் படங்களைச் சேமிக்கும்போது அது நம் நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்ற வேண்டும். அதற்கு ஐந்தரை மணி கழிப்பதற்குப் பதிலாக ஆறு மணி கழித்துக்கொண்டிருந்தது. நாடு பழைய நேரத்துக்குத் திரும்பிய செய்தியை அந்தக் கணினிக்கு யாரும் சொல்லவில்லை. விசுவாசமான அரசாங்க ஊழியனைப் போல, கடைசியாக வந்த உத்தரவையே அது பின்பற்றிக்கொண்டிருந்தது.

பேராசிரியரிடம் சொன்னேன். மேலே வந்து திரையைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதானே என்றார். கணினி ஆட்கள் கணினியைப் பார்த்தால் போதும், நட்சத்திரத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். நான் பார்த்தது கணினியைத்தான் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். கைதான் வேலை செய்யும்.

மாணவர்கள் பயிற்சிக்காகப் படம் எடுத்த வேறொரு ஜோடி நட்சத்திரத்தின் பதிவுகளைத் தேடி எடுத்தேன். அதுவும் அரை மணி முந்தியிருந்தது. இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் அச்சடித்து, மதியம் அவர் மேசையில் வைத்தேன். இந்த ஜோடிக்கும் மூன்றாவது ஒன்று சிவப்பில் வரையட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

அவர் இரண்டு வரைபடங்களையும் விரலால் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிங்களத்தில் மெல்லச் சொன்னார்: “புது நட்சத்திரம் என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டேனே.”

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். சேர், பழைய பதிவுகளை எல்லாம் திருத்திவிடலாம், நம் அளவுகளில் பிழை இல்லை, நேரம் மட்டும்தான் என்றேன். சரி என்று தலையசைத்தார்.

மூன்று வாரம் ஆனது. அவர் கோப்பின் பெயரை வாசிப்பார், நான் நேரத்தைத் திருத்துவேன். இடையில் அவரே எழுந்து போய் எனக்கும் சேர்த்துப் பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார். சீனியை எனக்கு இரண்டு மடங்கு போட்டார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. கருத்தரங்கும் நடந்தது. தலைப்பு ‘நேரப் பிழைகளைக் கண்டறிதல்’ என்று மாறியிருந்தது. ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் தேடியவர் போல ஒரு மணி நேரம் பேசினார். முடிவில் தொழில்நுட்ப ஊழியர்களுக்கு நன்றி என்று சொல்லி வாசல் பக்கம் கையைக் காட்டினார். நான் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

திருத்திய அளவுகள் உலக அட்டவணையோடு அச்சொட்டாகப் பொருந்தின. புதிதாக எதுவும் இல்லை. இப்படிப்பட்ட அளவுகளைச் சேகரிக்கும் வெளிநாட்டுத் தொகுப்பு ஒன்றுக்கு அனுப்பினோம். பதில் ஒரே வரியில் வந்தது: பெற்றுக்கொண்டோம், ஏற்றுக்கொண்டோம். பேராசிரியர் அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். பிரிண்டர் வழக்கம்போலத் தாளைக் கடித்தது. இழுத்தெடுத்து, நீவிவிட்டு, நேராக ஒட்டினேன்.