மாமி உள்ளிருந்து தள்ளிய கார்

அப்பாவின் காருக்குத் தானாகப் புறப்படும் பழக்கம் கிடையாது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அது நிற்கும். காலையில் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கம்பீரமாக உட்கார்ந்திருக்க, அம்மாவும் தம்பியும் நானும் பின்னால் நின்று தள்ளுவோம். தள்ளுகிறவர்களை ஏசும் உரிமையும் அவருக்கே இருந்தது. எஞ்சின் பிடிக்காமல் ரயில் பாதைவரை போய்விட்டால், மேட்டில் திரும்பத் தள்ளிக்கொண்டு வரவேண்டும்.

சாதாரண தரப் பரீட்சையில் எனக்கு விஞ்ஞானப் பாடம் இருந்த அன்றும் அப்படித்தான். எட்டரைக்கு மண்டபத்தில் இருக்கவேண்டும். எட்டு மணிக்கு நான் வெள்ளைச் சீருடையோடு ரயில் பாதையருகே நின்று காரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். போதாததற்கு உள்ளே மாமி வேறு.

மாமி அப்பாவின் அக்கா. புருஷன் செத்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் இரண்டு அறை வீட்டில் ஒட்டிக்கொண்டவர். முழங்கால் வீக்கத்துக்கு மாதம் ஒருமுறை கிளினிக்; அன்றும் கிளினிக் நாள். அவரைக் காரில் ஏற்றவே பத்து நிமிஷம் பிடிக்கும் என்பதால் யாரும் இறங்கச் சொல்வதில்லை. திணிவு, அதாவது பாரம், கூடினால் தள்ளும் விசையும் கூடவேண்டும் என்று புத்தகத்தில் படித்ததை என் தோள்கள் அனுபவித்துக்கொண்டிருந்தன.

மூச்சு வாங்க நிமிர்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமி பல்லைக் கடித்துக்கொண்டு முன் சீற்றை இரண்டு கைகளாலும் தள்ளிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது முதல் தடவையல்ல. நியூட்டனின் மூன்றாம் விதியைக் கொப்பியில் படம் கீறியே அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தேன். சீற்றைக் கை முன்னால் தள்ளினால் முதுகு பின் சீற்றைப் பின்னால் தள்ளும், இரண்டும் சரிக்குச் சரி, கார் அசையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்தான்.

"மாமி, உள்ளுக்கிருந்து தள்ளினால் கார் போகாது! எத்தினை தரம் சொல்லுறது?"

"எல்லாரும் கஷ்டப்படேக்கை நான் மட்டும் எப்பிடி பிள்ளை ராசாத்தி மாதிரி இருக்கிறது?"

"உங்கட பாரத்தையும் சேர்த்துத்தான் நாங்கள் தள்ளுறம். சும்மா இருந்தாலே பெரிய உதவி!"

அம்மா என்னை முறைத்தார். மாமி கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒழுங்கையின் முதலாம் வீட்டுச் சிங்கள அய்யா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தோள் கொடுத்ததும் எஞ்சின் இருமி இருமிப் பிடித்தது. மண்டபத்துக்குள் கடைசியாக நுழைந்தவள் நான். வினாத்தாளில் நியூட்டனைக் காணவேயில்லை. தவளையின் இதயத்தைக் கேட்டிருந்தார்கள். அந்த எரிச்சலையும் மாமியின் கணக்கிலேயே போட்டேன்.

அடுத்த கிளினிக் நாளன்று காரில் மாமி இல்லை. விடியவே குடையை ஊன்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாராம். கால் இப்போது பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர் எங்கள் காரில் ஏறவேயில்லை.

அன்று கார் சொன்னபடி கேட்டது. நாலு எட்டு வைப்பதற்குள் எஞ்சின் பிடித்துவிட்டது. திணிவு குறைந்தால் ஆர்முடுகல் கூடும், வேகம் கெதியாய் ஏறும், கண்ணால் பார்த்தாயா என்று நான் தம்பிக்குப் பெருமையாக விளங்கப்படுத்தினேன்.