முத்துவேல் கழுவிய ரீல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபது வருஷமாக லேத் மிஷின் முன்னால் நிற்கிறவன் நான். ஒரு இரும்பைக் கையில் எடுத்ததும் அது என்ன பாடு பட்டது என்று சொல்லிவிடுவேன். சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அந்தத் திமிரில்தான் கடலை ஒட்டிய குருசுக்குப்பத்து முத்துவேலின் பிழைப்பை ஒரே வார்த்தையில் முடித்துவைத்தேன்.

நான் இருப்பது கடலை விட்டுத் தள்ளி, சாரம் என்கிற பகுதியில். வேலை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டில் பைத்தியம். தெரிந்தவர்களின், தூண்டில் நூலைச் சுற்றும் ரீல்களைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுப்பதும் உண்டு. அப்படிப் பழக்கமானவர்தான் ஹரிகிருஷ்ணன். மீன் பிடிக்க ஆசைப்பட்டு வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஃபைபர் படகில் ஆழத்துக்குக் கூட்டிப்போய் ஜிக்கிங் செய்ய வைப்பார். மீன் மாதிரி வார்த்த ஈயக்கட்டியைக் கடலின் அடித்தரை வரை இறக்கி, வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டே நூலைச் சுற்றி ஏற்றுவதற்குப் பெயர் ஜிக்கிங். பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். பத்து நிமிஷம் செய்தால் தெரியும் சேதி.

மீன் கிடக்கும் இடம் காட்டவும், ரீல்களைப் பார்த்துக்கொள்ளவும் அவர் வைத்திருந்த ஆள் முத்துவேல். ஐம்பதைத் தாண்டியவர். முப்பது வருஷம் வலை இழுத்ததில் வலது தோள் போய்விட்டது. பனியன் மாட்டவே அவர் மனைவி அன்னக்கிளி அக்கா கூட நிற்க வேண்டும். இனிமேல் வலையைத் தொட்டால் கையே விளங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் வந்த வேலை இது. இது போனால் மறுபடியும் வலைதான், வலைக்குப் போனால் கை போய்விடும். இது அவருக்கும் தெரியும், ஹரிகிருஷ்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலில் ரீல் என்றாலே அவருக்கு இளக்காரம். கயிற்றை விரலில் பிடித்தால் மீன் என்ன செய்கிறது என்று விரலுக்கே தெரியும், இந்தச் சக்கரத்தில் என்ன தெரியும் என்பார். அந்த எண்ணம் மாறியது நாங்கள் மூவரும் புது ரீல் வாங்கப் போன அன்றுதான். ஹரிகிருஷ்ணனின் கண் தங்க நிறத்தில் மினுக்கிய ஒன்றின் மேலேயே இருந்தது. வேகமாகச் சுற்றுமாம். வேகமாகச் சுற்றுவது கனத்தைத் தூக்கத் திணறும், ஆழத்திலிருந்து பெரிய மீனை ஏற்ற மெதுவாகச் சுற்றினாலும் பலமாக இழுப்பதுதான் வேண்டும், உடம்பு பிளாஸ்டிக்காக இல்லாமல் உலோகமாக இருக்க வேண்டும் என்று நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். முத்துவேல் இரண்டு பேர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. நூல் முனையைக் கடை ஷட்டரின் பிடியில் கட்டினார். ரீலை இடது கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கிற டிராக் என்கிற பிரேக்கைச் சோதிக்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மூன்றாவது ரீலில் நின்றுவிட்டார். மற்றதெல்லாம் வெடுக்கென்று விடுகிறது, இது வழிய விடுகிறது என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

பராமரிப்பு முழுக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கரைக்கு வந்ததும் டிராக்கை இறுக்கு, நல்ல தண்ணீரில் அலசு, துணியால் ஒற்றி எடு, டிராக்கைத் தளர்த்து, நிழலில் காய வை, வாரம் ஒரு சொட்டு எண்ணெய். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்த ரீல் அவர் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில், பழைய நூல் புடவைக் கிழிசலில் சுற்றிய மகாராணியாக இருந்தது. ஒருமுறை கடற்கரையில் பார்த்தபோது அன்னக்கிளி அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குக் காய்ச்ச வந்தப்பகூட இந்த மனுசன் இப்பிடித் தொடச்சி வுட்டதில்ல தம்பி."

ரீல் வாங்கிய ஏழாவது மாதம் அது நடந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஒருவருக்குப் பெரிய பாறை மீன் மாட்டியது. இரண்டு முறை இழுத்தது, மூன்றாவது இழுப்பில் ரீல் அப்படியே இறுகி நின்றுவிட்டது. நூல் அறுந்து, மீனும் போனது. வந்தவர் படகிலேயே கோபத்தில் குதித்து, ஊருக்குப் போய் இணையத்தில் வேறு எழுதித் தள்ளினார். அடுத்து வருவதாக இருந்த இரண்டு கூட்டமும் வரவில்லை. ஹரிகிருஷ்ணன் ரீலை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, காரணம் மட்டும் சொல் என்றார்.

பிரித்தேன். பல்சக்கர இடுக்கெல்லாம் வெள்ளையாக உப்பு. பேரிங் குண்டுகள் துருவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்ல பொருளை இப்படியா சாகடிப்பது. இது கழுவாமலே வைத்த ரீல் என்று சொன்னேன். ஹரிகிருஷ்ணன் மறுவார்த்தை கேட்கவில்லை. அன்று சாயங்காலமே முத்துவேலை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மறுநாள் முத்துவேல் என் வீட்டுக்கு வந்தார். அவர் சாரம் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கழுவுனேன் தம்பி. ஒருநா வுடாம கழுவுனேன்."

நான் அந்த உப்பைக் கண்ணால் பார்த்தவன். உப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது அண்ணா, மனுஷனுக்குத்தான் தெரியும் என்றேன். அவர் சண்டை போடவில்லை. திரும்பி, பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, என் வாயால் அவர்தான் கெட்டார்.

மழைக்காலம் முடிந்து, மீன் வாங்கப் போன இடத்தில்தான் மிச்சக் கதை காதில் விழுந்தது. வேறு வழியில்லாமல் முத்துவேல் வலைக்குப் போயிருக்கிறார். இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். ஒருநாள் காலையில் வலையை ஏற்றும்போது தோளில் ஏதோ அறுந்த மாதிரி சத்தம் கேட்டதாம். இப்போது வலது கை தொங்குகிறது, அசைவதில்லை என்றார்கள். குற்ற உணர்ச்சியில் பார்க்கப் போனேன் என்று சொன்னால் பொய். பழசை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று காட்டிக்கொள்ளத்தான் போனேன். அப்படிப்பட்ட பெருந்தன்மைக்காரன் நான்.

முத்துவேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை ஒரு துண்டில் மடங்கிக் கிடந்தது. வா தம்பி என்றார், அவ்வளவுதான். அன்னக்கிளி அக்கா சாப்பிடாமல் விடவில்லை. சோறும் சங்கரா மீன் குழம்பும். முத்துவேல் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். சோறு பாதி வழியில் கொட்டியது, அக்கா பார்க்காதது போல் இருந்தார்.

சாப்பிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயில் கை கழுவி, அந்தத் தண்ணீரிலேயே வாயையும் கொப்பளித்தேன். கரித்தது. குழம்பின் உப்போ என்று நினைத்து மறுபடியும் ஒரு வாய் எடுத்துத் துப்பினேன். இல்லை, தண்ணீர்தான். சமுத்திரத்தை அள்ளிக் குடித்த மாதிரி இல்லாவிட்டாலும், அதற்குத் தங்கச்சி என்று சொல்லலாம்.

அக்காவைக் கேட்டேன். அந்த போர்வெல் தண்ணீர், கடல் உப்பு ஏறி, மூன்று வருஷமாகவே இப்படித்தான் என்றார். சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் இது. பழகிவிட்டது, இப்போதெல்லாம் யாருக்கும் கரிப்பதே தெரிவதில்லை என்றார்.

"ரீல எந்தத் தண்ணியில கழுவுவாரு அண்ணன்?"

"இதுலதான். சாயங்காலம் ஒருக்கா, காத்தால ஒருக்கா. கைப்பிடிய கழட்டிட்டு அந்த ஓட்டைக்குள்ளகூட ஊத்தி ஊத்திக் கழுவுவாரு தம்பி."

குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றேன். மேலே தெறிக்கிற கடல் தண்ணீர் ரீலுக்குள் அவ்வளவு சுலபமாகப் போகாது. அவர்தான் நாள் தவறாமல், இரண்டு வேளையும், உள்ளே வரைக்கும் உப்பை ஊட்டியிருக்கிறார். நல்ல தண்ணீரில் அலசு என்று சொன்னவன் சாரத்துக்காரன். எங்கள் வீட்டுக் குழாயில் வருவதுதான் ஊரெல்லாம் வரும் என்று நினைத்தவன். உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வாசலில் வந்து நின்றபோதாவது கேட்டிருக்கலாம்.

உள்ளே போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பாகச் சொன்னேன், ஹரிகிருஷ்ணனிடம் இன்றைக்கே போய்ச் சொல்கிறேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். பாரத்தை இறக்கிவைத்த மாதிரி எனக்கு லேசாகக்கூட இருந்தது. அவர் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெளியவில்லை. பின்பக்கக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கழுவாம வெச்சிருந்தாகூட இவ்ளோ கெட்டிருக்காதா தம்பி?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இரும்பு விஷயத்தில் எனக்குப் பொய் வராது. ஆமாம் அண்ணா, இவ்வளவு சீக்கிரம் கெட்டிருக்காது என்றேன்.

அவர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டார். அக்கா தட்டை எடுக்க வந்தவர் அப்படியே நின்றார். முத்துவேல் என் பக்கம் திரும்பினார்.

"வேல போச்சி, கை போச்சி. ரீல நான் கெடுக்கலன்னு ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சி தம்பி. இப்ப அதையும் வாங்கிட்டுப் போறியே."