அம்மா நகர்த்திய கோடு

அம்மாவும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து கடைசியாகச் செய்த வேலை, அவளுடைய நுரையீரல் கட்டியைச் சுற்றிக் கோடு போட்டது.

அம்மா முப்பத்தோரு வருடம் ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் 'அசையாதீங்க அக்கா'. ஒவ்வொரு நோயாளிக்கும் எந்தத் தலையணை வைத்தாள், கை எப்படி இருந்தது, மூச்சு எவ்வளவு இழுக்க வைத்தாள் என்று குறித்துக்கொள்வாள். அடுத்த முறையும் அப்படியே படுக்க வைப்பாள். இதென்ன போட்டோ ஸ்டூடியோவா என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டலடிப்பார்கள்.

சிகிச்சையின் தொடக்கத்தில் எடுக்கும் படங்களை ஒப்பிட்டு, மருந்துக்குக் கட்டி கட்டுப்படுமா என்று முன்கூட்டியே சொல்லும் கணினி நிரலை எங்கள் குழு எழுதியது. அதற்காக ஐந்து ஆஸ்பத்திரிகளின் பழைய படங்களை வாங்கினோம். கழிக்காமல் பயன்படுத்த முடிந்தவற்றில் பாதிக்கு மேல் அம்மா எடுத்தவை. போனில் சொன்னேன். உடனே பழைய அறைக்குப் போன் போட்டு, போட்டோ ஸ்டூடியோ ஜெயித்துவிட்டது என்று அறிவித்தாளாம்.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவளுக்கே கட்டி வந்தது. இரண்டு தவணை மருந்து ஏறியபின் எடுத்த படத்தில், கட்டி எதுவரை என்று நிரலுக்குக் காட்ட நான் கோடு போட்டேன். மருந்து வேலை செய்கிறது என்றது நிரல். அதையே தொடர்வதா என்று டாக்டர் மறுநாள் முடிவு செய்ய வேண்டும். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இந்த ஓரத்தை ஏன்டா விட்ட?"

வெறும் வீக்கம் என்றேன்.

"வேற யாரோட படமா இருந்தா விட்டிருப்பியா?"

மூன்று மில்லிமீட்டர். விட்டிருக்க மாட்டேன்.

மவுஸை வாங்கி, அந்த ஸ்கேனில் கட்டி தெரிந்த நாற்பத்திரண்டு அடுக்குப் படங்களிலும் கோட்டை வெளியே நகர்த்தினாள். நிரலை மறுபடி ஓட்டினேன். கட்டுப்பட வாய்ப்பு குறைவு என்றது.

"இப்பதான் உன் புரோகிராம் உண்மை பேசுது. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

டாக்டர் கணிப்பை மட்டும் நம்பி முடிவெடுக்கவில்லை. திசு எடுத்துச் சோதித்து, மருந்தை மாற்றினார். பதினோரு மாதம் கிடைத்தது. பழைய மருந்திலேயே இருந்திருந்தால் எவ்வளவு என்று தெரியாது. என்னிடம் ஆதாரம் இல்லை. பதினொன்றில் எட்டு மாதம் மாடிப்படியைத் தானே ஏறினாள். அது தெரியும்.

தன் படங்களையும் நிரலுக்குக் கொடுக்க, சம்மதப் படிவம் கேட்டு வாங்கினாள். குறிப்பு என்ற இடத்தில், 'படங்கள் ஒழுங்காக எடுக்கப்பட்டவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை ஸ்கேனுக்குப் போகும்போது தானே நேரில் கொடுப்பதாகவும், என்னிடம் தந்தால் தொலைத்துவிடுவேன் என்றும் சொன்னாள்.

புதன்கிழமை போய்விட்டாள். படிவம் அவள் கைப்பையில் இருக்கிறது.